புளியங்கண்மாய் மருமகள்

மதுரையில் ஒருவர் வீடு எங்கே என்று கேட்டால் வழி சொல்லிவிடலாம். சொந்த ஊர் எது என்று கேட்டால் அவருக்கு வழி வேண்டியதில்லை, வேறு ஏதோ வேண்டும். நான் பிறந்தது, வளர்ந்தது, பல் விழுந்து முளைத்தது எல்லாம் வில்லாபுரம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஆனால் வில்லாபுரம் என்று சொன்னால் யாருக்கும் வயிறு நிறையாது. "அது சரி, சொந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெருவையும் சொல்லிவிட்டால் பேச்சை முடித்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த "அது சரி"யைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் பாண்டிமீனாவிடம் முதல் வருடமே சொல்லியிருக்கிறேன். தல்லாகுளம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இருவரும் புவியியல் படிக்கிறோம். இரண்டு வருடமாக ஒரே பெஞ்சு. என் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை என் டிபன் பாக்ஸிலிருந்தே எடுத்து, விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிடுவாள். "எங்க வீட்ல அப்டியெல்லாம் பாக்க மாட்டாங்கடி முனி" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். முனீஸ்வரி என்கிற என் பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட அவள் ஒருத்திக்குத்தான் உரிமை கொடுத்திருந்தேன். அவள் சொன்னதை நம்பவும் செய்தேன். அது மெய்யாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் சொல்லப்போகிற இரண்டு நாளில் எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் களப்பயணம் உண்டு. நகரம், சமவெளி, மலை மூன்றையும் பார்த்து, மூன்றிலும் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று படம் வரைந்து எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறது, மண் எப்படி, எது மேடு, எது பள்ளம் என்பதைப் பொறுத்துத்தான் வீடுகள் அமைகின்றன என்கிறது எங்கள் பாடப்புத்தகம். அதை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்வர்ணா மிஸ் எங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கோயிலைச் சுற்றித் தெருக்கள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருப்பதை மாசி வீதியில் நின்று விளக்கினார். பின்னால் வந்த ஆட்டோக்கள் அடித்த ஹாரனில் பாதி காதில் விழவில்லை. பிறகு வைகைப் பாலத்தில் நிறுத்தி ஆற்றைக் காட்டினார். ஆற்றுக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. "ஆத்தங்கரை நாகரிகம்னு எழுதிக்கங்க" என்றார், சிரிக்காமல். அவர் அப்படித்தான், எதைச் சொன்னாலும் ஒரே முகம்.

மதியச் சாப்பாடு பாண்டிமீனா வீட்டில். அலங்காநல்லூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். போகிற வழிதானே, எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று அவளே மிஸ்ஸிடம் மன்றாடி வாங்கிய வரம் அது. கரும்புக்காடும் தென்னந்தோப்பும் மாறி மாறி வர ஆரம்பித்ததும் அவள் நெருங்கி உட்கார்ந்தாள்.

"முனி, எங்கப்பா எல்லார்ட்டயும் ஊரு கேப்பாரு. நீ வில்லாபுரம்னு மட்டும் சொல்லு."

"நான் வில்லாபுரம்தான்டி."

"அதத்தான் சொல்றேன். அதோட நிறுத்திக்க."

"ஒங்க வீட்லதான் பாக்க மாட்டாகளே?"

"பாக்க மாட்டாக. கேப்பாக, அம்புட்டுதான்."

சுருக்கென்றது. தலைவலி என்று சொல்லி வேனிலேயே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் ஊரே உள்ளே உட்கார்ந்து சாப்பிடும்போது நான் எதற்கு இல்லாத தலைவலியோடு வெயிலில் கிடக்க வேண்டும்? இறங்கிவிட்டேன்.

வீடு பெரியது, தரை கண்ணாடி மாதிரி. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தார்கள். பாண்டிமீனாவின் அப்பா அழகுபாண்டி வாசலிலேயே கைகூப்பி நின்றார். தென்னந்தோப்புக்காரர், வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். எல்லாரையும் "வாங்க மகளே" என்றார். நல்ல மனிதர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன், அதுதான் கொடுமை.

இலையில் உப்பு வைத்ததும் வரிசையாக ஆரம்பித்தார். சோழவந்தான் என்றவளிடம் அங்கே யார் வீடு என்றார். திருமங்கலம் என்றவளிடம் சொந்த ஊர் கேட்டு, அவள் சொன்ன ஊரில் தனக்கு ஒரு பங்காளி இருப்பதைக் கண்டுபிடித்தார். மிஸ்ஸைக்கூட விடவில்லை. "நீங்க சௌராஷ்ட்ராக்காரவுகளா டீச்சரம்மா? ரொம்ப நல்ல ஆளுகளாச்சே" என்று நற்சான்றிதழ் கொடுத்தார். மிஸ் அதே முகத்தோடு அப்பளத்தை உடைத்தார்.

"நீ எந்த ஊரு மகளே?"

"வில்லாபுரம்."

"அது சரி, சொந்த ஊரு?"

வாயைத் திறந்தேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் குழம்பு வாளியோடு நின்ற பாண்டிமீனா முந்திக்கொண்டாள்.

"புளியங்கண்மாய்ப்பா. அம்மா ஊருதான்."

பொய் சொல்கிறவளுக்கு ஊருக்கா பஞ்சம்? தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் இருக்க, பதற்றத்தில் அவள் வாயில் வந்தது பெற்ற தாய் பிறந்த ஊர். அந்த ஊரில் அவர்களுக்குத் தெரியாத கோழிக்குஞ்சு கிடையாது. அடுப்படியிலிருந்து அவள் அம்மா ஜெயக்கொடி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்தப் பிள்ள? எங்கூருப் பிள்ளயா? அப்பா என்ன வேல பாக்குறாக தாயி?"

"மின்வாரியம்."

"வில்லாபுரத்துலயா இருக்கீக?"

"ஆமா."

"அப்பக் கருத்தக்கண்ணன் அண்ணன் மகளா நீ?" என்று அந்தம்மா நெஞ்சில் கை வைத்தார். "எங்க பெரியப்பா மகன். கரண்டு ஆபீஸ்ல வேல, மதுரையில எங்கிட்டோ இருக்காகன்னு சொல்லுவாக. ஊருப்பக்கம் வந்து எம்புட்டு வருசமாச்சு. புள்ளைகள நான் பாத்ததே இல்லயே."

நான் சொன்னவை இரண்டு மூன்று வார்த்தை, அத்தனையும் மெய். மீதியை அவர்களே கட்டி, கூரையும் போட்டுவிட்டார்கள். பாண்டிமீனாவைப் பார்த்தேன். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கும்பிட்டாள். சரி, அவளே ஆரம்பித்தாள், அவளே முடித்துவைப்பாள் என்று விட்டேன்.

"அண்ணன் மகள்னா எனக்கு மருமக. மருமகளப் போயி பந்தியில ஒக்கார வச்சிருக்கீகளே" என்று என் கையைப் பிடித்து எழுப்பி, இலையையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு அழைத்துப்போனார் அந்தம்மா. அங்கே தன் பக்கத்தில் உட்காரவைத்து நாட்டுக்கோழிக் குழம்பைக் கிண்டிக் கிண்டி நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டார். "அத்தைனு கூப்பிடு" என்றார். சாப்பிட்டு முடித்ததும் சாமி ரூமுக்குள் கூட்டிப்போய், தானே நெற்றியில் திருநீறு பூசி, தலையில் மல்லிகைப்பூ வைத்துவிட்டார். கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் ஜெயபாண்டியின் போட்டோவை எடுத்துக் காட்டி, "மாமன் மகன் எப்படி இருக்கான்?" என்று சிரித்தார். அத்தை மகன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அந்தம்மாவுக்கு முறைகூடக் குழம்பிவிட்டது.

அந்தப் பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் தலையைக் கோதிய கையில் சூடு இருந்தது. ஆனால் அது எனக்கு வந்த பிரியம் இல்லை. யாருக்கோ வந்த பார்சலைப் பிரித்து நான் தின்றுகொண்டிருந்தேன். பூவாசம் தலையைச் சுற்றியது.

சாப்பிட்டதும் ஊரைப் படம் வரைய வேண்டும். அழகுபாண்டி முன்னால் நடந்து கோயில், ஊருணி, மந்தை, மேலத்தெரு, நடுத்தெரு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஊர் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். அது எந்தத் தெரு என்று ஒருத்தி கேட்டாள்.

"அது வேற மகளே. அது காலனி. அத விட்ருங்க, ஒங்க பேப்பர்ல எடம் பத்தாது."

எல்லாரும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பேப்பரில் நிறைய இடம் இருந்தது, வரைந்தேன். மிஸ் வாங்கிப் பார்த்தார். "வாய்க்கால் இம்புட்டு அகலம் இல்லயே முனீஸ்வரி" என்றார். "இருக்கு மிஸ்" என்றேன்.

சாயங்காலம் வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒருத்தி பாலிதீன் பை கேட்டாள். எனக்கு வாந்தி வரவில்லை, கோழிக்குழம்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் மற்றவர்கள் என்னை "மருமகளே" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். பாண்டிமீனாவும் சேர்ந்து சிரித்தாள். தான் செய்த காரியம் இப்படி நன்றாக முடிந்ததில் அவளுக்கு ஒரே பெருமை.

மலைமேல் குளிர்ந்தது. வேனை நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தால் கீழே சமவெளி முழுவதும் தெரிந்தது. எல்லாரும் போட்டோ எடுக்கப் போனதும் அவளைத் தனியே இழுத்தேன்.

"ஒங்கம்மாட்ட எப்பச் சொல்லப் போற?"

"என்னத்த?"

"நான் யாருன்னு."

"எதுக்குடி சொல்லணும்? ஒன்ன எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டாக. சொல்லாட்டி இப்ப என்ன கொறஞ்சு போச்சு?"

"அவுக பாத்துக்கிட்டது கருத்தக்கண்ணன் மகள. என்ன இல்ல."

"ஒனக்காகத்தான்டி பண்ணேன். எல்லார் முன்னாடியும் ஒனக்குச் சங்கடமாயிரக் கூடாதுன்னு."

"என் ஊரச் சொல்றதுல எனக்கென்ன சங்கடம்? சங்கடம் ஒனக்கு."

அவள் முகம் வாடிவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து, "நாளைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிர்றேன். போதுமா?" என்றாள். ராத்திரி மலையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை திரும்பும்போது அவள் ஊரிலேயே இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. போதும் என்றேன். அவள் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை அதே வீட்டில் முனீஸ்வரியாகவே ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். பேராசை இல்லையே?

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அம்மாதான், வீடியோவில். "மருமக எங்க? குடு அவகிட்ட" என்று குரல் கேட்டது. பாண்டிமீனா போனை என் கையில் திணித்து, "அத்தைனு கூப்பிடுடி, ப்ளீஸ்" என்று முணுமுணுத்தாள்.

"குளிருதா தாயி? காதுல துணியச் சுத்திக்க. ஒங்கப்பா நம்பரச் சொல்லு. ஒங்க மாமா எங்கண்ணன்கிட்டப் பேசணும்ங்கிறாரு. விட்டுப்போன சொந்தம், ஒங்களால ஒட்டிக்கிடட்டும். ஜெயபாண்டிக்கும் வயசாகுதுல்ல" என்று அந்தம்மா ஒரே மூச்சில் பேசினார். பக்கத்தில் மீசையின் பாதி தெரிந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இதற்கு மேலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் தாம்பூலத் தட்டோடு எங்கள் தெருவுக்கே வந்து நிற்பார்கள்.

"அம்மா, நான் கருத்தக்கண்ணன் மக இல்ல. எங்கப்பா பேரு கருப்பு. எங்களுக்குச் சொந்த ஊரு கீழப்பொட்டல். அங்க காலனித் தெரு."

படத்தில் அந்தம்மா அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி தாயி" என்றார். போன் அணைந்தது.

பாண்டிமீனா அழுதாள். "நாந்தான் நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்ல. எங்கம்மா எம்புட்டு ஆசயாப் பேசுச்சு. அத எதுக்குடி நோகடிச்ச?" என்றாள். யார் யாரை நோகடித்தது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சத்தம் கேட்டு வந்த மிஸ்ஸிடம் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"நீ சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா எதையும் எங்க சொல்றதுன்னு ஒரு எடம் இருக்குல்லம்மா."

"அந்த எடம் எங்க இருக்குன்னு சொல்லுங்க மிஸ். அங்க போய்ச் சொல்லிட்டு வாரேன்."

மிஸ்ஸின் முகம் முதல்முறையாக மாறியது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை நான் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். பாண்டிமீனா முன்னால்தான் உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மலைவாழைப்பழம் ஒன்றை உரித்துப் பாதியை நீட்டினாள். "அம்மாட்டப் பேசிட்டேன். ஒன்னுமே திட்டல. பரவால்ல, ஒன்னும் நெனச்சுக்க வேணாம்னு அந்தப் பிள்ளட்டச் சொல்லுன்னுச்சு. நாந்தான் சொன்னேன்ல, எங்க வீட்ல பாக்க மாட்டாங்கன்னு."

ராத்திரி முழுக்க அவளை என்னவெல்லாம் நினைத்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. பாதிப் பழத்தை வாங்கித் தின்றேன். மலை இறங்கும்வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கீழே வந்து காற்று சுட ஆரம்பித்தபோது, உலகம் அவ்வளவு ஒன்றும் மோசமில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் வேன் நின்றது. அப்பா வரவில்லை. அம்மா மட்டும் கொய்யாப்பழப் பைகளோடு நின்றார். ஆளுக்கு ஒரு பை, ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் ஜன்னலுக்கும் வந்தார். என் பையில் பழம் மற்றவர்களுக்கு இருந்ததைவிடப் பெரிதாகவே இருந்தது. நான் நீட்டிய கையில் கொடுக்காமல் ஜன்னல் கம்பியில் பையின் காதை மாட்டிவிட்டார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஒன் மேல தப்பே இல்ல தாயி. இந்தக் கூறுகெட்ட சிறுக்கி பண்ண வேல. ஆனா நீயாவது முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சாப்பாடு எல்லாருக்கும் போட்ட மாதிரிதான் ஒனக்கும் போட்டிருப்பேன், நாங்க அப்டி ஆளுக இல்ல. அடுப்படிக்கும் சாமி ரூமுக்கும் மட்டும் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். அதுவும் வெள்ளிக்கெழம. இப்பப் பாரு, வீடு பூராவும் கழுவி விட வேண்டியதாப் போச்சு. எனக்கு இடுப்பு புடிச்சுக் கெடக்கு, குனிய முடியல. இவ வந்துதான் கழுவணும்னு அப்டியே போட்டு வச்சிருக்கேன். நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத, என்ன?"

பாண்டிமீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் அவளைத்தான் பார்த்தேன். ஏதாவது சொல்லுடி, ஒரு வார்த்தை, "நான் கழுவ மாட்டேன்மா" என்று மட்டும் சொல்லு, மற்றதெல்லாம் மறந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் செருப்பைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம பாப்பம்டி" என்றாள்.

வேன் கிளம்பியது. கொய்யாப்பழப் பை கம்பியில் ஆடிக்கொண்டே வந்தது. தல்லாகுளத்தில் இறங்கும்போது நான் அதை எடுக்கவில்லை. டிரைவர் கூப்பிட்டுக் கொடுத்தார், அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் அம்மா மலை எப்படி இருந்தது என்று கேட்டாள். குளிர் என்றேன்.

ஏழு மணி வாக்கில் பாண்டிமீனாவின் மெசேஜ் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாயா, சாப்பிட்டாயா என்று வழக்கம்போலக் கேட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை வேறு.

"கழுவிட்டியா?" என்று அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"அம்மாவுக்கு இடுப்பு முடியலடி. வேற யாரு இருக்கா சொல்லு" என்று பதில் வந்தது.